எண்ணுவோரும் எண்ணப்படுவோரும்: பிரசாந்த் கிஷோரின் தேர்தற்பணி பற்றி ஒரு மதிப்பீடு

தமிழில் ‘எண்ணுதல்’ என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. தொகை காண்பதும் எண்ணுதலே, சிந்திப்பதும் எண்ணுதலே. கணக்கிடுதலையும் கருதுதலையும் ஒரே சொல்லாற் குறித்த மொழி, அவ்விரண்டும் ஒன்றையொன்று பிரிந்து நில்லா எனக் கொண்டிருந்தது போலும். நம் காலத்தில் அவை பிரிந்துவிட்டன. மக்களின் கருத்தை எண்ணித் தொகை காண்போர் தனியொரு தொழிலினர் ஆகிவிட்டனர். எண்ணப்படும் மக்கள் அத்தொழிலின் மூலப்பொருளாகிவிட்டனர். தேர்தற் கருத்துக்கணிப்பும், அதன் துணையுடன் கட்சிகளுக்குப் பிரசாரத் திட்டம் வகுத்துக்கொடுக்கும் தொழிலும் இப்பிரிவின் வெளிப்பாடுகளாகும்.

இத்தொழிலைத் தெற்காசிய மக்கள் யாவரும் அறியச் செய்தவர் பிரசாந்த் கிஷோர். அவரைப் பற்றி இருவகை மதிப்பீடுகள் வழங்குகின்றன. அவரை நவீன சாணக்கியர் எனப் போற்றுவோர் ஒரு சாரார். கூலிக்கு மூளையை விற்பவர் எனத் தூற்றுவோர் மறு சாரார். முன்னையது வெற்றியை மட்டும் நோக்குகிறது. பின்னையது ஒழுக்கத்தை மட்டும் நோக்குகிறது. அவர் கைக்கொண்ட அறிவு எத்தகையது, அது எவருக்கு உரியது, எதனை அறியும், எதனை அறியாது என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊரொன்றிற் பிறந்த மாணவர் ஒருவர் இதனை எழுத நேர்ந்தமைக்கும் ஒரு காரணம் உண்டு. அது இறுதியிற் கூறப்படும்.

1. தொழிலின் தோற்றம்

கருத்துக்கணிப்பின் வரலாற்றில் 1936 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டின் அமெரிக்க சனாதிபதித் தேர்தலையொட்டி ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையனுப்பினர். அவற்றை எண்ணி, லாண்டன் வெல்வார் என அவ்விதழ் அறிவித்தது. ஆயின் 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை ரூஸ்வெல்ட் வென்றார். தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் பெயர்கள் திரட்டப்பட்டமையால், நெருக்கடியில் நலிந்திருந்த வறியோர் அக்கணக்கிற் போதிய இடம் பெறவில்லை. சீட்டைத் திருப்பி அனுப்பாதோரின் கருத்தும் அனுப்பியோரின் கருத்தும் வேறுபட்டன. அதே தேர்தலில், அதனினும் மிகச் சிறிய, ஆனால் பல பிரிவினரையும் விகிதப்படி தழுவிய மாதிரியொன்றைக் கொண்டு ஜோர்ஜ் கலப் ரூஸ்வெல்ட்டின் வெற்றியை முன்கூறினார். எத்தனை பேரைக் கேட்டோம் என்பதினும் எவரைக் கேட்டோம் என்பதே முதன்மையானது என்னும் பாடம் அன்று கற்கப்பட்டது. இப்பாடம் பின்னர் வேறோரிடத்தில் நமக்குப் பயன்படும்.

கணிப்பதோடு நில்லாது, கருத்தை ஆக்கித் தருவதையும் தொழிலாக்கியோர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவர். 1933 இல் அவர்கள் தொடங்கிய நிறுவனமே இவ்வகையில் முதலாவது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இலக்கிய மாணவர் கருத வேண்டிய செய்தியொன்று அவர்களது வரலாற்றில் உண்டு. 1934 இல் நாவலாசிரியர் அப்டன் சின்கிளேயர் அம்மாநில ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். அவரது நாவல்களிற் பாத்திரங்கள் பேசிய கூற்றுகளைப் பிரித்தெடுத்து, அவை ஆசிரியரின் சொந்தக் கொள்கைகள் என்பது போல் நாள்தோறும் பத்திரிகைகளில் வெளிவரச் செய்தனர். சின்கிளேயர் தோற்றார். பாத்திரத்தின் குரலை ஆசிரியரின் குரலாகக் காட்டுதல் திறனாய்வில் முதலாண்டு மாணவருக்கும் கூடாத பிழை. அது தேர்தற் களத்தில் வெற்றி தரும் உத்தியாயிற்று. சூழலிலிருந்து சொல்லைப் பெயர்த்தெடுப்பது இத்தொழிலுக்குத் தொடக்கத்திலேயே கைவந்திருந்தது.

இந்தியாவில் 1950 களில் எரிக் டா கொஸ்டா கருத்துக்கணிப்பைத் தொடங்கிவைத்தார். 1980 களில் பிரணாய் ராய் அதனைப் பத்திரிகைகளின் வழியாகவும், பின்னர் தொலைக்காட்சியின் வழியாகவும் வீடுதோறும் கொண்டுசென்றார். இவர்கள் வெளியிலிருந்து கணித்தவர்கள். கணிப்பைக் கட்சியின் உள்ளே கொண்டுசென்று, தலைவரின் நடை, உடை, முழக்கம், பயணம் ஆகியவற்றை அதன்படி வகுக்கும் பணியைத் தனியொரு நிறுவனத்தின் பொறுப்பாக்கி, அதற்கு நாடறிந்த முகமும் ஆனவர் பிரசாந்த் கிஷோரே.

2. பணிவாழ்வின் போக்கு

1977 இற் பீகாரிற் பிறந்த கிஷோர், அரசியலுக்கு வருமுன் ஐக்கிய நாடுகள் சார்ந்த பொதுச் சுகாதாரத் திட்டங்களிற் பணியாற்றியவர். இது கவனிக்கத்தக்கது. ஊட்டமின்மையையும் நோயையும் மாவட்ட வாரியாக அளந்து, குறைவான இடத்தில் நிறைவான தலையீட்டைச் செய்வது அத்துறையின் முறை. அம்முறையையே அவர் வாக்காளர்மீது பிரயோகித்தார் எனலாம்.

2011 அளவில் அவர் குஜராத் முதலமைச்சராக இருந்த நரேந்திர மோடியுடன் இணைந்தார். 2012 இன் குஜராத் சட்டமன்றத் தேர்தலையடுத்து, 2013 இல் இளம் பட்டதாரிகளைத் திரட்டி ஓர் அமைப்பை உருவாக்கினார். தேநீர்க் கடைகளிற் கூடி உரையாடும் நிகழ்ச்சிகள், ஒரே நேரத்திற் பல ஊர்களில் தலைவரின் உருவத்தை ஒளியால் தோற்றுவித்த கூட்டங்கள் ஆகியன அவ்வமைப்பின் பெயருடன் இணைத்துப் பேசப்பட்டன. 2014 இற் பாரதீய ஜனதா கட்சி 282 ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டே அவர் எதிரணிக்குச் சென்றார். 2015 இன் பீகார்த் தேர்தலில் நிதிஷ் குமார், லாலு பிரசாத் ஆகியோரின் மகா கூட்டணி 243 இல் 178 ஆசனங்களை வென்றது. பழைய அமைப்பு ‘ஐ-பேக்’ என்னும் புதுப் பெயர் பெற்றது. 2017 இற் பஞ்சாபில் அமரிந்தர் சிங்கின் காங்கிரஸ் வென்றது. 2019 இல் ஆந்திராவில் ஜெகன் மோகன் ரெட்டியின் கட்சி 175 இல் 151 ஐயும், 2020 இல் டில்லியில் ஆம் ஆத்மி கட்சி 70 இல் 62 ஐயும் கைப்பற்றின. 2021 இல் மேற்கு வங்கத்திற் பாரதீய ஜனதா நூறு ஆசனங்களைத் தாண்டாது என முன்கூறினார். அது 77 இல் நின்றது. அதே நாளிற் தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகக் கூட்டணி 234 இல் 159 ஆசனங்களைப் பெற்றது. இரு வெற்றிகளின் உச்சத்தில் நின்று, இத்தொழிலிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார்.

இந்து தேசியம், சோசலிச மரபினரின் சமூகநீதி, காங்கிரஸ், வங்கப் பிரதேச உணர்வு, திராவிட இயக்கம் எனத் தம்முள் முரண்படும் அணிகள் யாவும் ஒரே மனிதரின் திட்டத்தாற் பயன்பெற முடிந்தது. போற்றுவோர் இதனை ஆற்றல் என்பர். தூற்றுவோர் கொள்கையின்மை என்பர். இத்தனை கட்சிகளுக்கும் ஒரே கருவி பொருந்தியது எவ்வாறு என்பதே விமர்சகன் கேட்க வேண்டிய கேள்வி. கொள்கைகள் தம்முள் வேறுபட்டிருக்க, அவற்றைச் சந்தைப்படுத்தும் முறை ஒன்றாகிவிட்டது என்பதே விடை. தலைவர் ஒருவரை மையப்படுத்துதல், ஒற்றை முழக்கம், நலத்திட்டங்களின் சிறு பட்டியல், கைத்தொலைபேசி வழியாக ஒவ்வொருவரையும் தனித்தனியே அணுகுதல் ஆகியனவே அம்முறை.

3. வெற்றிப் பட்டியலை வாசித்தல்

கிஷோரின் புகழ் வெற்றிப் பட்டியலில் நிற்கிறது. ஆயின் அப்பட்டியலையே ஒரு மாதிரியாகக் கொண்டு நோக்கின், ‘லிட்டரரி டைஜஸ்ட்’ செய்த பிழை அதில் மறைந்திருப்பதைக் காணலாம். அவர் பணியாற்றிய கட்சிகள் குருட்டுச் சீட்டாகத் தெரிவு செய்யப்பட்டவை அல்ல. பெரும்பாலும் வெல்லும் நிலையில் இருந்த கட்சிகளே அவரை அழைத்தன. அவரும் அத்தகைய கட்சிகளையே ஏற்றார். ஓட்டத்தில் முந்தி நிற்கும் குதிரைகளில் மட்டும் ஏறுபவனின் வெற்றிகளை எண்ணி, அவனுடைய சவாரித் திறனை அளத்தல் இயலாது.

தமிழ்நாடே இதற்குச் சான்று. ஐ-பேக் தி.மு.க.வுடன் இணைந்தது 2020 இல். அதற்கு முந்திய ஆண்டு நடைபெற்ற நாடாளுமன்றத் தேர்தலில், அந்நிறுவனத்தின் துணையின்றியே தி.மு.க. கூட்டணி அம்மாநிலத்தின் 39 தொகுதிகளில் 38 ஐ வென்றிருந்தது. ஜெயலலிதா 2016 டிசம்பரிற் காலமான பின் எதிரணியிற் தோன்றிய வெற்றிடம், பத்தாண்டு ஆட்சியின் மீதான சலிப்பு, கூட்டணியின் வாக்கு வலிமை ஆகியன ஏலவே இருந்தன. பீகாரில் 2015 இன் வெற்றிக்கும், முன்னர் பிரிந்து நின்ற இரு பெருங் கட்சிகள் ஒன்றுசேர்ந்தமையே அடித்தளம். மாறாக, 2017 இல் உத்தரப் பிரதேசத்தில் அடித்தளம் இல்லாத காங்கிரசுக்கு அவர் பணியாற்றியபோது, 403 ஆசனங்களைக் கொண்ட அவையில் அக்கட்சிக்குக் கிடைத்தவை ஏழே. கருவி அதுவே, கையும் அதுவே, நிலம் வேறு.

ஆயினும் இதனால் அவரது பணி வெறும் பகட்டு எனத் தள்ளிவிடுதலும் நேர்மையாகாது. 2015 இல் நிதிஷ் குமார் முன்வைத்த ஏழு உறுதிகளில் வீட்டுக்கு வீடு குழாய்நீர், மின்னிணைப்பு, மலசலகூடம் ஆகியன இடம்பெற்றுப் பின்னர் அரசின் திட்டங்களாகின. வங்கத்தில் அரசு அலுவலர் குடியிருப்புகளுக்கே வந்து முகாமிட்டு நலத்திட்டங்களை வழங்கிய முறையும் தேர்தற் காலத்தில் உருவானதே. மேடையிற் பேச இடம்பெறாத பெண்களின் தேவையை, கட்சிக் கிளைச் செயலாளரினும் வினாக்கொத்து ஏந்திய இளைஞன் விரைந்து கேட்டறிந்த சந்தர்ப்பங்கள் உண்டு. கேட்பதற்கு எவரும் இல்லாத இடத்தில், விலைக்கேனும் கேட்கப்படுதல் ஒரு பேறே.

4. மேடையும் வினாக்கொத்தும்

தமிழ் வாசகருக்கு இப்பணிவாழ்வில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி தி.மு.க.வுடனான தொடர்பாகும். 1949 இற் தோன்றிய அக்கட்சி சொல்லால் வளர்ந்த கட்சி. மேடைப் பேச்சு, நாடகம், திரைப்படம், படிப்பகம், முரசொலி போன்ற இதழ்கள் ஆகியவற்றின் வழியாகவே அது 1967 இல் ஆட்சியைப் பிடித்தது. அதன் அழகியல் பற்றி நமது விமர்சகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அடுக்குமொழி பொருளை விழுங்கியது என்ற குற்றச்சாட்டும் பழையதே. எனினும் அச்சொல் கட்சியின் உள்ளிருந்து பிறந்தது. பேசியவன் தான் நம்பியதைப் பேசினான். கேட்டவன் அதனைத் தன் தெருவிற் திருப்பிப் பேசினான்.

அத்தகைய கட்சி, தன் முழக்கத்தை ஆக்குவதற்கு வெளியிலிருந்து ஒரு நிறுவனத்தை அமர்த்தியமை ஒரு யுகமாற்றத்தின் அடையாளம். பெருந்தொற்றுக் காலத்து ‘ஒன்றிணைவோம் வா’ திட்டமும், 2021 தொடக்கத்தின் ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’ நிகழ்ச்சியும் திறம்பட நடத்தப்பட்டன. பின்னையதில் மக்கள் தம் குறைகளை மனுக்களாக எழுதிக் கொடுத்தனர். ஆட்சிக்கு வந்து நூறு நாட்களிற் தீர்வு என உறுதிகூறப்பட்டது. பழைய மேடையிற் தலைவர் பேச மக்கள் கேட்டனர். புதிய மேடையில் மக்கள் மனுவெழுதத் தலைவர் பெற்றுக்கொண்டார். இது முன்னேற்றம் போலவே தோன்றுகிறது. ஆயின் மனு எழுதுபவர் தனியர். கூட்டத்திற் பேச்சைக் கேட்டவர் கூட்டத்தினர். தனித்தனிக் குறைகளாகப் பிரித்து எண்ணப்படும் மக்கள், தமக்குள் பேசிப் பொதுக் கருத்தொன்றை உருவாக்கும் வாய்ப்பை இழக்கின்றனர். கருத்துக்கணிப்பு உள்ள கருத்தை அளக்கும்; கருத்து உருவாகும் களத்தை அமைத்துத் தராது. அக்களத்தை அமைத்தல் இயக்கங்களின் பணி.

இவ்விடத்தில் திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் நினைவுக்கு வருகிறது. நாட்டில் நிகழ்வதை அரசன் ஒற்றர் வாயிலாக அறிதல் வேண்டும் என்றும், ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும் என்றும் வள்ளுவர் கூறுவது, ஆய்வுமுறையின் முதற் பாடம் போலவே ஒலிக்கிறது. ஆயின் ஒற்றன் அரசனின் ஆள். அவன் அறிந்தது மக்களைப் பற்றியது. அறிந்த பின் அது அரசனின் உடைமை. கட்சி பணங்கொடுத்து நடத்தும் கருத்துக்கணிப்பும் அத்தகையதே. நம் வாயிலிருந்து பெற்ற சொற்கள் நமக்கு மறைக்கப்பட்ட அறிக்கையாகி, நம்மை இணங்கச் செய்யும் முழக்கமாகத் திரும்பி வருகின்றன.

5. வழிகாட்டியும் கப்பலும்

துறைமுகத்தை அண்டி வளர்ந்தோர் ‘பைலட்’ என்னும் தொழிலை அறிவர். சீனக்குடாவின் மா ஆலைக்கோ சீமெந்துத் தொழிற்சாலைக்கோ கப்பலொன்று வரும்போது, துறைமுக வாயிலிற் சிறு படகிற் சென்று அவர் கப்பலில் ஏறுவார். எந்த நாட்டுக் கொடி, எந்தச் சரக்கு என்பது அவருக்குப் பொருட்டன்று. எங்கே ஆழம், எங்கே பாறை, எவ்விடத்தில் திரும்புதல் வேண்டும் என்பதே அவரது அறிவு. கப்பலைத் துறையிற் சேர்த்ததும் இறங்கிவிடுவார். இந்த அறிவை எவரும் இழிவாகக் கருதுவதில்லை. அதனையே கடற்பயணம் என எவரும் மயங்குவதுமில்லை.

கிஷோரின் முதற் பத்தாண்டுகள் பைலட்டின் பணியை ஒத்தவை. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பைலட் ஆழம் பார்ப்பதாற் கடலின் ஆழம் மாறுவதில்லை. கருத்தை அளப்பவர், அளந்ததைக் கொண்டு அக்கருத்தையே மாற்றும் பணியையும் ஏற்கிறார். ஆகையால் அவருக்குப் பைலட்டினும் கூடிய பொறுப்பு உண்டு. எந்தச் சரக்கு என்பது எனக்குப் பொருட்டன்று என அவர் கூறவியலாது. கிஷோர் இதனை ஓரளவு உணர்ந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. 2018 இல் ஐக்கிய ஜனதா தளத்தில் உறுப்பினராகச் சேர்ந்த அவர், குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறித்துக் கட்சித் தலைமையுடன் பகிரங்கமாக முரண்பட்டு 2020 சனவரியில் வெளியேற்றப்பட்டார். விலைக்கு வாங்கப்பட்ட மூளை எனத் தூற்றுவோர் இந்நிகழ்ச்சிக்கு விளக்கம் கூறுவதில்லை.

பின்னர் அவர் தாமே கப்பலுக்கு உரியவரானார். 2022 ஒக்டோபர் 2 ஆம் திகதி, காந்தியின் சம்பாரண் நினைவுகளைக் கொண்ட பிதிஹர்வா ஆசிரமத்திலிருந்து நடைபயணம் தொடங்கி, ஈராண்டின் பின் அதே நாளில் ஜன் சுராஜ் கட்சியை நிறுவினார். கல்வி, வேலை, புலம்பெயர் தொழிலாளரின் துயர் ஆகியனவே அவரது பொருள். பீகாரிலிருந்து பிழைப்புக்காக இலட்சக் கணக்கானோர் வெளியேறும் நிலையில், பொருள் பிழையன்று. 2025 நவம்பரிற் தேர்தல் முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிட்ட அவரது கட்சி ஓரிடத்திலேனும் வெல்லவில்லை; பெற்ற வாக்கு நூற்றுக்கு மூன்றரைக்கும் குறைவு. அவர் தாமே போட்டியிடவுமில்லை. ஐக்கிய ஜனதா தளம் 25 ஆசனங்களைத் தாண்டாது என அவர் உறுதிபடக் கூறியிருந்தார். அது 85 ஐப் பெற்றது. முந்திய ஆண்டின் நாடாளுமன்றத் தேர்தலிலும் பாரதீய ஜனதா ஏறத்தாழ 300 ஆசனங்களைப் பெறும் என்ற அவரது கணிப்புத் தவறி, அக்கட்சி 240 இல் நின்றது.

இத்தோல்வியைக் கண்டு நகைத்தல் எளிது. ஆயின் அது நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. மக்கள் விரும்புவதை அறிதல் வேறு. மக்களால் நம்பப்படுதல் வேறு. முன்னையதை மாதிரியெடுப்பினால் அடையலாம். பின்னையதற்கு ஆண்டுக் கணக்கான உடனிருப்பு வேண்டும். சாதி, ஊர், உறவு, பழைய கடன், பழைய காயம் ஆகியவற்றின் ஊடே வளரும் பிணைப்பு வேண்டும். பிறருக்காக அவர் பணியாற்றியபோது அப்பிணைப்பை நிதிஷும் மம்தாவும் தி.மு.க.வின் கிளைக்கழகத்தாரும் ஏலவே ஈட்டி வைத்திருந்தனர். தமக்கென நின்றபோது அது இல்லை என்பது புலனாயிற்று.

6. திருகோணமலையிலிருந்து நோக்குகையில்

இந்தியாவின் பெருந்தேர்தல்கள் நமக்கு வேடிக்கை அல்ல. இலங்கையிலும் கருத்துக்கணிப்பு வேரூன்றிவிட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், வெரிட்டே ஆய்வகம், சுகாதாரக் கொள்கை நிறுவகம் ஆகியன அண்மைக் காலத்தில் இத்தகைய ஆய்வுகளை நடத்திப் பகிரங்கமாக வெளியிட்டன. கட்சிகளின் மறைவான கணிப்பினும் இது வரவேற்கத்தக்கது. ஆயினும் எமது மாவட்டத்தை இங்கு ஒரு கணக்காக முன்வைத்தல் தகும்.

2012 இன் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் மக்கட்டொகை 2 கோடியே 3 இலட்சத்துக்கு மேல். திருகோணமலை மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 380,000. அதாவது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. நாடளாவிய ரீதியில் ஆயிரம் பேரை விகிதப்படி தெரிந்து வினவினால், இம்மாவட்டத்துக்குக் கிடைப்போர் பதினெட்டு அல்லது பத்தொன்பது பேர். பத்துப் பேரில் நால்வர் முஸ்லிம்கள், மூவர் தமிழர், ஏனையோரிற் பெரும்பாலோர் சிங்களவர் எனக் கொள்ளின், தமிழர் அறுவர். திருக்கடலூரின் மீனவர், சம்பூரின் விவசாயி, நகரின் எழுதுவினைஞர், பாலையூற்றின் கூலித் தொழிலாளி ஆகிய அனைவருக்கும் அந்த அறுவரே பிரதிநிதிகள். மாதிரியைப் பெருக்கினால் இக்குறை தீரும் என்பர். உண்மையே. ஆயின் பெருக்குவதற்குப் பணங்கொடுப்பவர் எவர்? 225 ஆசனங்களில் நான்கைக் கொண்ட மாவட்டத்துக்குக் கட்சிகளின் பணம் பாயாது. எண்ணிக்கை ஆளும் உலகில், சிறு தொகையினர் பிழைவீச்சினுள் மறைந்துபோவர்.

இரண்டாவது, கருத்து என்பது ஒருவரின் நெஞ்சில் அசையாதிருக்கும் பொருள் அன்று. 2024 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலில் இம்மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் சஜித் பிரேமதாச. 54 நாட்களின் பின் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில் இங்கு முதலிடம் பெற்றது தேசிய மக்கள் சக்தி. நான்கு ஆசனங்களில் இரண்டு அதற்கும், ஒன்று ஐக்கிய மக்கள் சக்திக்கும், ஒன்று இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கும் கிடைத்தன. மக்கள் மனம் இரு மாதங்களிற் புரண்டுவிட்டது என்பதினும், ஏனையோர் எவ்வாறு வாக்களிப்பர், ஆட்சி எவரிடம் செல்லும், தம் சமூகத்தின் ஓராசனம் நிலைக்குமா என்பவற்றை நோக்கியே மூவின மக்கள் செறிந்த மாவட்டத்தில் ஒவ்வொருவரும் வாக்கைத் தீர்மானிக்கின்றனர் என்பது பொருந்தும்.

மூன்றாவது, விருப்பம் இருந்தும் வாக்கு இல்லாமற் போகும் நிலையையும் நாம் அறிவோம். 2005 இன் சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவினரே. தேர்தலின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசமோ இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. புறக்கணிப்பையும் அச்சத்தையும் எந்த வினாக்கொத்தின் எந்த நிரலில் எழுதுவது?

இனி, இக்கட்டுரையை எழுத நேர்ந்த காரணத்தைக் கூறலாம். 2024 இன் தேர்தல்களுக்கு முன்னர், விடுமுறையில் நான் ஓர் ஆய்வுக்கு விபரம் சேகரிப்பவராகச் சில நாட்கள் பணியாற்றினேன். மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில், 2006 இன் போரில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகளின் பின் மீளக் குடியேறிய மூதாட்டி ஒருவரிடம் வினாக்கொத்துடன் சென்றேன். முதல் வினாவை நான் கேட்குமுன் அவர் என்னை வினவினார்: “பிள்ளை, ஆர் உங்களை அனுப்பினது?” கூறினேன். நாட்டின் முதன்மைப் பிரச்சினை யாது என்ற வினாவுக்கு வாழ்க்கைச் செலவு, ஊழல், வேலையின்மை எனச் சில விடைகள் அச்சிடப்பட்டிருந்தன. அவர், “எங்கட காணிக்கு உறுதி இன்னும் வரேல்லை” என்றார். அதனை ‘வேறு’ என்னும் கட்டத்தில் எழுதினேன். எவருக்கு வாக்களிப்பீர்கள் என்றபோது சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “எதை எழுதினா உங்களுக்கும் எங்களுக்கும் நல்லதோ, அதை எழுதுங்கோ பிள்ளை” என்றார். ‘தீர்மானிக்கவில்லை’ என்னும் கட்டத்தில் அடையாளமிட்டேன். அவர் தீர்மானித்திருந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. எவர் கேட்கிறார், எவரிடம் சென்று சேரும் என்பதை அறியாமல் விடை கூறலாகாது என்னும் பாடத்தை அவருக்கு நாற்பது ஆண்டுகள் கற்பித்திருந்தன. பின்னர் அந்த ஆய்வின் அட்டவணையைப் பார்த்தேன். ‘வேறு’ என ஒரு நிரல் இருந்தது. அதனுள் என்ன இருந்தது என்பது இல்லை.

நான் எண்ணினேன், எண்ணவில்லை. அந்த அட்டவணையிற் பிழையொன்றும் இல்லை என்பதே என்னை இன்றும் உறுத்துவது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பிரசாந்த் கிஷோரின் பணிவாழ்வு மந்திரவாதியின் கதையும் அன்று, கூலிப்படையாளின் கதையும் அன்று என்பது பெறப்படும். கட்சிகள் மக்களிடம் நேரே கேட்பதைக் கைவிட்ட காலத்தில், கேட்பதையே தொழிலாக்கிய ஒருவரின் கதை அது. அவர் இட்டு நிரப்பிய வெற்றிடம் அவராற் தோன்றியதன்று. படிப்பகம் மூடப்பட்டது, கிளைக்கூட்டம் ஓய்ந்தது, தலைவருக்கும் தெருவுக்கும் இடையே தூரம் வளர்ந்தது. அத்தூரத்தை அளக்க ஒருவர் தேவைப்பட்டார். அளந்தவரைக் குறைகூறுவதினும் தூரத்தைக் குறைப்பதே செய்யத்தக்கது.

ஆகையால் எண்ணுதலை வெறுத்தல் நமது வழியாகாது. எண்ணப்படாதோர் மறக்கப்படுவர் என்பதை எமது மாவட்டத்தார் நன்கறிவர். எண்ணும் பணி எண்ணப்படுவோரின் கைக்கு வருதலே வேண்டுவது. கலைப்பீட மாணவராகிய நாம் விடுமுறைதோறும் நம் ஊர்களுக்குச் செல்கிறோம். சிங்களமும் தமிழும் பேசும் மாணவர் ஒன்றுகூடி, தத்தம் கிராமங்களிற் கேட்டு, கேட்ட வினாவையும் பெற்ற விடையையும் விடைகூற மறுத்தோரின் தொகையையும் ஒளிக்காது வெளியிட்டு, முதற்பிரதியை விடைகூறியவரின் கையிலேயே கொடுப்போமாயின், அது சிறு முயற்சியாயினும் வேறுவகை முயற்சியாகும். அதில் ‘வேறு’ என்னும் நிரலே முதலில் அச்சிடப்படுதல் வேண்டும். அதன் முதல் வரியாக, இன்னும் வந்து சேராத ஒரு காணி உறுதியைப் பற்றிய செய்தியை நான் எழுதுவேன்.